ஈரலில் இல்லாத புரதம்

முதல் ஈரல் சென்ற ஆண்டு ஆகஸ்டில் முக்கூடலிலிருந்து பேருந்தில் வந்தது. ஜெபராணி அதைத் தூக்குவாளியில் போட்டு, சுற்றிலும் ஐஸ்கட்டி அடைத்து, திருநெல்வேலி வரும்வரை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்திருந்தார். கால்நடை நோய் ஆய்வகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், வெள்ளை அங்கி போட்டிருந்த ஜெமிமாவிடம் வாளியை நீட்டினார்.

“முட்டை விட்டுக்கிட்டிருந்த கோழிம்மா. பத்து நாளா கொண்டை வெளுத்து, ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. அறுத்துப் பாத்தா ஈரல் இம்புட்டுப் பெருசு.”

ஈரல் மூன்று மடங்கு வீங்கியிருந்தது. மேலெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிறிய கட்டிகள். கோழியின் ஈரலை இப்படி ஆக்குகிற வைரஸ் நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று மேரக்ஸ். இறகிலிருந்து உதிரும் தூசியில் ஏறிக் காற்றில் பரவும். குஞ்சு பொரித்த அன்றே ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மற்றது லூக்கோசிஸ். அது தாய்க்கோழியிலிருந்து முட்டைக்குள் இறங்கி, குஞ்சோடு சேர்ந்தே பிறக்கும். அதற்கு ஊசி கிடையாது. ஜெபராணி கறிக்குக் கோழி விற்பவர் அல்ல. அவர் வளர்த்தவை சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள். அவற்றின் முட்டைகளை அடைக்கு வைக்கவென்று சுற்று வட்டாரத்துப் பெண்கள் சொல்லிவைத்து வாங்கிப்போவார்கள். கணவர் இறந்த பிறகு வீடு நடந்தது அதில்தான். எனவே இரண்டில் எது என்பது அவருக்குச் சின்னக் கேள்வி அல்ல.

ஜெமிமா ஈரல் கட்டியை அரைத்து, சோதனைத் தட்டின் குழிகளில் ஊற்றினாள். லூக்கோசிஸ் வைரஸின் புரதம் இருந்தால் குழி நீலமாகும். ஆகவில்லை. மறுபடி செய்தாள். அப்போதும் தண்ணீர் போலத்தான் இருந்தது. அறிக்கையில் எழுதினாள்: “லூக்கோசிஸ் வைரஸ் இல்லை. மேரக்ஸ் நோயாக இருக்கலாம். குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடவும்.” ஆய்வகத் தலைவர் குற்றாலலிங்கம் அதன் கீழே கையெழுத்திட்டார்.

“அப்பம் அடைக்கு முட்டை குடுக்கலாமாம்மா?” என்று ஜெபராணி கேட்டார்.

“குடுக்கலாம்க்கா. ஊசி போடணும், அவ்வளவுதான்.”

இரண்டாவது தடவை, இந்த ஆண்டு, அவர் ஈரலை மட்டும் கொண்டுவரவில்லை. அன்று காலையில் செத்த கோழியை ஐஸில் வைத்து முழுதாகவே கொண்டுவந்தார்.

“இது எங்க வீட்டுக் கோழி இல்ல. ஜேசுதாசன் அண்ணாச்சி வீட்டுது. ஆனா இதுக்கத் தாய் எங்க வீட்டுக் கோழி.” அவர் குரல் தாழ்ந்தது. “போன அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலுக்குக் குடுத்தேன். பதினோரு குஞ்சோட. நல்லா அடைகாக்கும்னு அதத்தான் குடுத்தேன். அண்ணாச்சி ஏலத்துல எடுத்தாவ.”

ஜெமிமாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் பாளையங்கோட்டைக்காரி, கிறிஸ்தவ சபைகளின் அறுப்பின் பண்டிகையைப் பார்த்து வளர்ந்தவள். வீட்டில் விளைந்ததில் முதலாவதை, சிறந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணி, ஆடு, கோழி. ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகும். எடுத்தவர் சில சமயம் அதை மறுபடியும் கோயிலுக்கே கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலம் போகும். ஒரே கோழி மூன்று கை மாறுவதும் உண்டு.

“குஞ்சு எல்லாம் அண்ணாச்சிகிட்டதான் இருக்கா?”

“எங்க இருக்கு? அவிய தாயையும் நாலு குஞ்சையும் வச்சுக்கிட்டு மிச்சத்தத் திருப்பிக் கோயிலுக்கே குடுத்துட்டாவ. அது மூணு வீட்டுக்குப் போச்சு. எல்லாத்துக்கும் ஊசி போட்டிருந்தேம்மா. பொரிச்ச அன்னைக்கே.”

ஜெமிமா ஈரல் கட்டியைச் சோதித்தாள். தட்டில் நீலம் இல்லை.

“தடுப்பூசி கெட்டுப்போயிருக்கும்,” என்றார் குற்றாலலிங்கம். அவர் தென்காசிப் பக்கத்து ஆள். எதையும் பதறாமல் சொல்வார். “ஐஸ் இல்லாம வெயில்ல தூக்கிட்டுப் போயிருப்பாவ. பத்துல எட்டு அப்படித்தான்.”

இருக்கலாம். ஆனால் இந்த முறை முழுக் கோழி இருந்தது. ஜெமிமா பின்பக்கத்தை அறுத்து, எச்சத் துவாரத்துக்கு மேலே இருக்கும் சின்னப் பையைத் தேடினாள். எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை, குஞ்சுப் பருவத்தில் அந்தப் பையில்தான் வளர்ந்து தேறும். கோழி பருவத்துக்கு வந்தபின் பை சுருங்கி மறைந்துவிடும். இந்தக் கோழிக்கு மறையவில்லை. உள்ளே கொண்டைக்கடலை அளவில் உருண்டையான கட்டி ஒன்று இருந்தது. மேரக்ஸ் அந்த இடத்தில் இப்படிக் கட்டி வைப்பது அபூர்வம். லூக்கோசிஸ் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

புரதம் இல்லை. ஆனால் கட்டி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.

அப்போதுதான் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்: நான் தேடியது வைரஸையா, அதன் புரதத்தையா?

லூக்கோசிஸ் வைரஸ் மற்ற வைரஸ்களைப்போல் செல்லுக்குள் வந்து பெருகிவிட்டுப் போவது அல்ல. அது தன் மரபணுக்களைச் செல்லின் டி.என்.ஏ-வாகவே எழுதி, செல்லின் சொந்த இழைக்குள் செருகிவிடும். அதன்பின் அந்தச் செல் பிரியும்போதெல்லாம் வைரஸின் எழுத்துகளும் சேர்ந்தே படியெடுக்கப்படும். அவற்றைச் செல் படித்தால் புரதம் உண்டாகும். படிக்காவிட்டால் புரதம் இல்லை. ஆனால் எழுத்துகள் அங்கேயேதான் இருக்கும். தட்டுச் சோதனை புரதத்தை மட்டுமே பார்க்கும்.

ஜெமிமா கட்டியிலிருந்து டி.என்.ஏ-வைப் பிரித்தாள். இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாக் கோழிகளின் இழையிலும், யுகயுகமாக முன்னோரிடமிருந்து வந்த பழைய வைரஸ் துண்டுகள் அமைதியாகக் கிடக்கின்றன. பொதுவான எழுத்துகளைத் தேடினால் நோயில்லாத கோழியும் நோயாளி ஆகிவிடும். அதனால் வெளியிலிருந்து புதிதாக வரும் வைரஸுக்கு மட்டுமே உரிய ஒரு பகுதியைத் தேர்ந்து, அதைப் பெருக்கிப் பார்த்தாள். மறுநாள் காலை, டி.என்.ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், இருக்கவேண்டிய உயரத்தில் பளிச்சென்று ஒரு கோடு நின்றது. நோயில்லாத கோழியின் வரிசையில் கோடு இல்லை.

ஒரு நிமிடம் அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி. பிறகு போன ஆண்டின் அறிக்கை நினைவுக்கு வந்தது.

உறைபெட்டியில் பழைய ஈரலின் துண்டு இருந்தது. அதிலும் அதே கோடு.

ஆனாலும் ஏன் புரதம் இல்லை என்பது தெரிந்தாகவேண்டும். தெரியாமல் ஒருவரிடம் போய், நான் சொன்னது தவறு என்று சொல்ல அவளால் முடியவில்லை. இரண்டாம் கோழியை அறுத்தபோதே கட்டிச் செல்களைக் கொஞ்சம் வளர்ப்பு நீரில் உயிரோடு எடுத்து வைத்திருந்தாள். அவற்றை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை அப்படியே விட்டாள். மறு பாதியில் மிகக் குறைந்த அளவு ஒரு மருந்தைச் சேர்த்தாள்.

மருந்தின் வேலையைப் புரிந்துகொள்ள, செல் ஒரு மரபணுவை எப்படி வாயடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளில் சி ஒன்று. அதன்மேல் செல் மீத்தைல் என்ற மிகச் சிறிய அடையாளத்தை ஒட்டும். எழுத்து மாறாது, மேலே ஒரு புள்ளி வைத்ததுபோல. ஆனால் அந்தப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்த இடத்தைத் தேடிச் சில புரதங்கள் வந்து உட்காரும். அவை இழையை இறுக்கிச் சுருட்டச் செய்யும். படிக்கும் இயந்திரம் அங்கே நுழைய முடியாது. செல் பிரியும்போது புள்ளிகளையும் பார்த்துப் புது இழையில் வைக்க ஒரு நொதி இருக்கிறது. ஆகவே மகள் செல்லும் அதே இடத்தில் ஊமையாகத்தான் பிறக்கும். அந்த நொதியைத்தான் இந்த மருந்து முடக்கும். புள்ளி வைக்க ஆளில்லாமல் செல்கள் இரண்டு மூன்று தடவை பிரிந்தால், சுருள் தளர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தாள். மருந்து படாத குழிகள் தெளிவாக இருந்தன. மருந்து பட்டவை நீலம். ஒப்பிடவென்று அதே மருந்தை விட்ட, நோயில்லாத கோழியின் செல்களில் நீலம் இல்லை.

அவள் ஒரு தாளை எடுத்து, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் வரைந்தாள். வைரஸின் இரு முனைகளிலும் ஒரே மாதிரி விசை உண்டு. முன்முனை விசை வைரஸின் சொந்த மரபணுக்களை ஓட்டும். அதைச் செல் மூடிவிட்டது. பின்முனை விசை திறந்தே இருந்திருக்கவேண்டும். அதுதான் பக்கத்திலிருந்த கோழியின் வளர்ச்சி மரபணுவை நிறுத்தாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. எனவே வைரஸ் பேசாது, கட்டி வளரும். இன்னொன்றும் இருந்தது. வைரஸ் புரதம் காட்டிய செல்களைக் கோழியின் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு கொன்றிருக்கும். காட்டாதவை தப்பியிருக்கும். தப்பியவை பெருகியதுதான் இந்தக் கட்டி. அப்படியானால் கட்டியில் புரதத்தைத் தேடியது, அது கிடைக்க மிகக் குறைந்த வாய்ப்புள்ள இடத்தில் தேடியதுதான். முட்டையிடும் கோழிகளின் வெள்ளைக்கருவில் தேடியிருக்கவேண்டும்.

குற்றாலலிங்கம் தாளை வெகுநேரம் பார்த்தார். “நல்ல வேலை,” என்றார். “புது ரிப்போர்ட் எழுதிரு.”

“பழசு, சார்?”

“பழசுக்கு என்ன? அந்த டெஸ்ட் பொய் சொல்லல. புரதம் இல்லன்னு சொல்லிச்சு. இல்லதான.”

“டெஸ்ட் பொய் சொல்லல, சார். நான் அதுக்குக் கீழ ‘வைரஸ் இல்லை’ன்னு எழுதினேன்.”

“நான் கையெழுத்தும் போட்டேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எம்மா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் போன வருசத்துக் காகிதத்தத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான். இதாவது சரியா, இல்ல இதுவும் அப்படித்தானான்னு. அதுக்கு யாரு பதில் சொல்ல?”

“அந்தக் காகிதத்த நம்பித்தான் சார் ஒரு வருசமா முட்டை குடுத்திருக்காவ.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டபின், “ஞாயித்துக்கிழமை பண்டிகைன்னு சொன்னியே. வண்டிய வெள்ளிக்கிழமையே எடுத்துட்டுப் போ,” என்றார்.

வெள்ளிக்கிழமை முக்கூடலில் ஜெபராணியின் கோழிக்கூட்டுக்குள் நுழைந்ததும் ஜெமிமா கண்டது தான் எழுதிய வரிகளைத்தான். அறிக்கையை லேமினேஷன் செய்து, கம்பிவலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் ஜெபராணி. முட்டை வாங்க வருபவர்கள் படிப்பதற்காக.

கூட்டில் முப்பத்தெட்டுக் கோழிகள். முட்டையிடுபவற்றின் முட்டைகளை வாங்கி, எது எந்தக் கோழியுடையது என்று பென்சிலால் குறித்தார்கள். ஜெபராணிக்கு முட்டையின் நிறத்தையும் வடிவையும் பார்த்தே கோழி தெரிந்தது. தனியே ஒரு கூடையின்கீழ் செவலைக் கோழி ஒன்று ஒன்பது குஞ்சுகளோடு இருந்தது. அது இப்போது முட்டையிடாததால், பின்துவாரத்தில் பஞ்சைத் தடவி எடுத்தாள் ஜெமிமா.

“இத ஏன் தனியா வச்சிருக்கிய?”

“ஞாயித்துக்கிழமைக்கு,” என்றார் ஜெபராணி.

சனிக்கிழமை மாலை ஜெமிமா மறுபடி வந்தாள். ஏழு கோழிகளில் புரதம் இருந்தது. செவலையில் எல்லாவற்றையும்விட அதிகம்.

“ஆனா அதுக்கு ஒரு நோவும் இல்லியேம்மா,” என்றார் ஜெபராணி. “கொண்டைய பாருங்க. ரத்தச் செவப்பு.”

“அதான்க்கா இதுல கஷ்டம். முட்டைக்குள்ளயே வைரஸ் வந்த கோழிக்கு, அது அந்நியம்னே ஒடம்புக்குத் தெரியாது. சண்டை போடாது. கோழி நல்லா இருக்கும். வைரஸும் நல்லா இருக்கும். முட்டை வழியா இறங்கிட்டே இருக்கும். செத்த கோழிக்குப் பொரிச்ச பொறவு கூட இருந்த குஞ்சுகிட்டருந்து ஒட்டியிருக்கும், அதோட ஒடம்பு சண்டை போட்டதால வைரஸ் கட்டிக்குள்ள அடங்கிக் கெடந்திச்சு. அதத்தான் நான் சோதிச்சேன். இல்லன்னு எழுதிட்டேன். என் தப்புக்கா.”

ஜெபராணி கூடைமேல் கைவைத்தபடி இருந்தார். உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன.

“ஊசி போட்டா?”

“இதுக்கு ஊசி இல்ல. ஏழையும் ஒதுக்கிறணும். இந்தக் குஞ்சுகளையும். கறிக்கு ஆகும். மனுசருக்கு வராது.”

“ஆண்டவருக்குக் குடுக்கது பழுது இல்லாம இருக்கணும்னு, கால் நகம் ஒடைஞ்ச கோழியக்கூடக் குடுக்க மாட்டேன்,” என்றார் ஜெபராணி. “போன வருசம் குடுத்தது முழுக்கப் பழுது.”

ஜெபராணி கூடையை இழுத்து ஓரமாக வைத்தார்.

“சரி. நாளைக்குத் தேங்கா குடுத்துருதேன். கோழி வேண்டாம். முடிஞ்சுதுல்லா?”

“முடியாதுக்கா. அந்தப் பதினோரு குஞ்சும் வளந்து, செத்தது போக மிச்சம் இப்பம் முட்டை விடுது. அந்த முட்டையவும் யாராவது அடைக்கு வச்சிருப்பாவ. நீங்க ஒரு வருசமாக் குடுத்த முட்டை வேற. எல்லாரும் தெரிஞ்சுக்கிடணும்.”

“அப்பம் நீங்களே சொல்லுங்க. சொல்லாதன்னு சொல்லல. எம் பேரு வேண்டாம்.”

“பேரு சொல்லாட்டா எந்தக் கோழின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஜெபராணி எழுந்து, கம்பிவலையில் தொங்கிய அறிக்கையை அவிழ்த்து ஜெமிமாவின் கையில் கொடுத்தார். வீட்டுக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பந்தலில் ஏலம் தொடங்குமுன், கோயிலை நடத்தும் உபதேசியார் ஜெமிமாவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். முன்வரிசையில் வாழைத்தார்களும், கால் கட்டிய நாலைந்து சேவல்களும், ஒரு வெள்ளாடும் இருந்தன. ஜெபராணி பின்னால், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

ஜெமிமா சுற்றி வளைக்கவில்லை. ஆய்வகத்தில் தான் செய்த சோதனையை, அதன் கீழே எழுதிய வரியை, அந்த வரி ஏன் தவறு என்பதைச் சொன்னாள். வைரஸ் இருந்தும் பேசாமல் இருக்கமுடியும் என்பதை, இரண்டு தடவை, இரண்டு விதமாகச் சொன்னாள். ஜெபராணியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் தூண் பக்கம் பார்த்துவிட்டு, அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

ஜேசுதாசன்தான் முதலில் பேசினார். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. “அதாவது, நான் ஏலத்துல எடுத்தது கோழிய மட்டும் இல்ல. சீக்கையும் சேத்து எடுத்திருக்கேன். அதுக்குத் தனியா ஒரு ரேட்டு சொல்லியிருக்கலாம்லா, உபதேசியாரே?”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

“தின்னவங்களுக்கு ஒண்ணும் செய்யாதே?” என்றாள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. பேர் டார்லின்.

“செய்யாது. கோழிக்கு மட்டுந்தான்.”

“அப்பம் எங்க வீட்டுல செத்த அஞ்சு கோழி?” டார்லின் தூண் பக்கம் திரும்பினாள். “பேப்பரக் காட்டித்தான முட்டை குடுத்திய சித்தி? நான் படிச்சுப் பாத்துட்டுத்தான வாங்கினேன்.”

“அந்தப் பேப்பர் எழுதினது நான்,” என்றாள் ஜெமிமா.

“நீங்க எழுதினிய. சரி. ஒங்க தப்புக்குச் செத்தது எங்க கோழியில்லா?”

“ஆமா,” என்றாள் ஜெமிமா. “எல்லாரும் ஆளுக்கு எத்தன கோழி இருக்கோ, அத்தன முட்டை கொண்டு வாங்க. நான் சோதிச்சுத் தாரேன். யார் யாருக்கு முட்டை போச்சுன்னு தெரிஞ்சாத்தான் முழுசாப் பாக்க முடியும்.”

“சோதிச்சு இல்லன்னு வந்தா?” ஜேசுதாசன் இப்போது சிரிக்காமல் கேட்டார். “அந்த ‘இல்ல’ எந்த ‘இல்ல’? போன வருசத்து ‘இல்ல’ மாதிரியா?”

“அன்னைக்கு, அந்த முட்டையில, அந்தப் புரதம் இல்லங்கது மட்டுந்தான் அதுக்கு அர்த்தம். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுக்கு அடுத்த மாசமும். அதுவரைக்கும் யாரும் அடைக்கு வைக்கக்கூடாது.”

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பருவம் முழுக்கக் குஞ்சு இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாரோ ஏலத்தை ஆரம்பிக்கச் சொன்னார்கள். உபதேசியார் ஜெமிமாவைப் பார்த்தார்.

அப்போது தூணைப் பிடித்துக்கொண்டு ஜெபராணி எழுந்தார்.

“எழுதிக்கிடுங்கம்மா,” என்றார்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. பந்தலின் கீற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டார்லினுக்குப் பங்குனியில் பன்னிரண்டு முட்டை. தெற்குத் தெரு கமர் நிஷாவுக்குப் பதினைந்து. ஆற்றுப் பக்கத்து வீட்டு சொர்ணாம்பாளுக்கு இரண்டு தடவை, முதலில் பத்து, பிறகு பதிமூன்று. ஒவ்வொன்றும் எந்தக் கோழியின் முட்டை என்பதும் அவருக்கு நினைவிருந்தது. கறுப்புப் பொறியுடையது, மொட்டை வாலுடையது, செவலையுடையது. செவலை என்று சொல்லும்போது ஒருமுறை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். டார்லின் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றாள். ஜெமிமா அறிக்கைத் தாளின் பின்பக்கம் லேமினேஷனில் எழுதமுடியாமல், உபதேசியாரின் நோட்டை வாங்கி எழுதினாள். பதினேழு வீடுகள் வந்தன.

“அப்புறம் நாங்குநேரி,” என்றார் ஜெபராணி. “எம் மக கரோலின அங்கனதான் கட்டிக் குடுத்திருக்கு. அவளுக்கு ரெண்டு அடை முட்டை குடுத்து விட்டேன். எல்லாம் பொரிச்சுதுன்னு போன்ல சொன்னா. நல்ல குஞ்சுன்னு அவ தெருவுல கேட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காவ.”

“யாருக்கா அவங்க?”

“அது தெரியாதேம்மா. அவளும் அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்க மாட்டா.”

ஜெமிமா நாங்குநேரி, கரோலின் என்று எழுதினாள். அதன் கீழே எழுத அவளிடம் பெயர்கள் இல்லை. எவ்வளவு இடம் விடுவது என்று தெரியாமல், பக்கத்தின் மிச்சத்தை அப்படியே விட்டாள். பின்னால் ஏலக்காரர் முதல் வாழைத்தாரைத் தூக்கிக் காட்டிக் குரல் கொடுத்தார். ஜெபராணி உட்காரவில்லை. வேறு யாருக்காவது கொடுத்தோமா என்று யோசித்தபடி, நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.